கடன் தீரக் கூடாது

கேள்வி: அன்புள்ள அக்கா, எனக்கு 27 வயது. பட்டர்வொர்த்தில் அம்மாவோடு இருக்கிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம், பினாங்குத் தீவின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். நான்கு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு. ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் கைப்பேசியில் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியில் காதல் கதை தட்டிக்கொண்டிருக்கிறேன். இதுவரை நான்கு நாவல் தொடங்கிவிட்டேன். நான்கும் மூன்றாம் அத்தியாயத்தில் நின்றுவிட்டன. மூட் வந்தால் ஓடுகிறது, இல்லாவிட்டால் ஒரு வாரம் ஒரு வரிகூட வருவதில்லை. நீங்கள் எப்படித் தினமும் எழுதுகிறீர்கள்? இணையத்தில் படிப்பவர்களில் நிறையப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள் என்பதால் கதையைச் சென்னையில் வைத்திருக்கிறேன். அது சரியா? இன்னொன்று, “உனக்கு யாராச்சும் இருக்காங்களா, அதான் இப்படி எழுதறியா?” என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வது? கடைசி நாவலின் மூன்று அத்தியாயங்களையும் நான்காவதற்கான குறிப்பையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

பட்டர்வொர்த் வாசகி

அன்புத் தங்கச்சிக்கு,

உனக்கு 27, எனக்கு 58. அதனால் ‘நீ’ என்றே எழுதுகிறேன். இந்த நீ, நீங்கள் விஷயத்துக்குப் பிறகு திரும்பி வருகிறேன். காதல் கதை எழுதுகிறவர்களுக்கு அது சின்ன விஷயமில்லை.

நீ அனுப்பிய மூன்று அத்தியாயங்களையும் படித்தேன். ஒரே மூச்சில் படித்தேன் என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டாவதின் நடுவில் எழுந்துபோய்ப் பால் இல்லாத தே ஓ கலக்கிக்கொண்டு வந்தேன். ஆனால் உனக்கு எழுத வருகிறது. நாயகியின் அம்மா தொலைபேசியில் சம்பந்தியோடு பேசிக்கொண்டே பயத்தங்காய் ஒடிக்கிறாரே, கோபம் ஏற ஏறத் துண்டு சின்னதாகிக்கொண்டே போகிறதே, அந்த நான்கு வரியைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. மற்றபடி, மூன்று அத்தியாயத்துக்குள் உன் நாயகிக்கு இதயம் 11 தடவை படபடக்கிறது. எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்தப் பெண்ணை முதலில் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டும்.

சரி, மூன்றாம் அத்தியாயத்துக்கு வருவோம். மூட் இல்லை, அதனால் நின்றுவிட்டது என்கிறாய். எனக்கு அப்படிப் படவில்லை. உன் கதை அங்கே முடிந்தேபோய்விட்டது. முதல் அத்தியாயத்தில் அவன் காரால் அவள் மேல் சேற்றை அடிக்கிறான். இரண்டாவதில் அவன் நிறுவனத்திலேயே அவளுக்கு வேலை கிடைக்கிறது. மூன்றாவதில் மொட்டை மாடி, மழை, அவன் மன்னிப்புக் கேட்கிறான், மனசில் இருப்பதையும் சொல்லிவிடுகிறான். அவளும் தலையாட்டிவிடுகிறாள். அப்புறம் எழுத என்ன இருக்கிறது? அதனால்தான் நான்காவதில் திடீரென்று ஓர் அத்தை மகளை விமானத்தில் ஏற்றி வரவழைக்கப் பார்த்திருக்கிறாய். அவள் வந்து இறங்குவதற்குள் உனக்கே அலுத்துவிட்டது.

என் அப்பா செந்தூலில் சின்னதாக ஒரு மளிகைக் கடை வைத்திருந்தார். கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு பிஸ்கட் டின். அது நிறைய 555 புத்தகங்கள். உங்கள் பக்கத்திலும் இருந்திருக்கும், சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்ன நோட்டு. குடும்பத்துக்கு ஒன்று. அரிசி, சீனி, பால் டின் என்று அப்பா எழுதி வைப்பார், சம்பளத்தன்று வந்து கட்டுவார்கள். சில பேர் ஐந்து காசு மிச்சமில்லாமல் கட்டிவிட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார்கள். அப்போது அப்பாவின் முகம் கொஞ்சம் சுருங்கும். எனக்குப் புரியாது, பணம் வந்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஒருநாள் கேட்டேன். “முழுசாக் கட்டிட்டா அடுத்த மாசம் வேற கடைக்குப் போயிருவான். ரெண்டு வெள்ளி பாக்கி இருந்தா இங்கதான் வருவான்” என்றார்.

நான் காதல் கதை எழுதுவது அந்தக் கணக்கை வைத்துத்தான். ஒவ்வொரு நாவலுக்கும் ஒரு 555 புத்தகம் வாங்குவேன். இடது பக்கம் அவள் அவனுக்குத் தர வேண்டியது, வலது பக்கம் அவன் அவளுக்குத் தர வேண்டியது. பணமாக இருக்கலாம், குடையாக இருக்கலாம். சொல்லாமல் விட்ட ஓர் உண்மையாகவும், கேட்டுவிட்டுப் பதில் வாங்காமல் போன கேள்வியாகவும் இருக்கலாம். ஒன்று கட்டப்பட்டால் கோடு போட்டு அடித்துவிடுவேன். எந்த அத்தியாயத்திலாவது இரண்டு பக்கமும் சுத்தமாக அடிபட்டு நின்றால், கதை அங்கேயே முடிந்தது. அப்புறம் வில்லனை வரவழைத்து ஒன்றும் ஆகப்போவதில்லை. உன் மூன்றாம் அத்தியாயத்தில் நடந்தது அதுதான்.

உன் வீட்டுப் பக்கத்திலேயே ஒன்று இருக்கிறது, காட்டுகிறேன். பட்டர்வொர்த்திலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஃபெரியில் போனால் கட்டணம். திரும்பி வர இலவசம். இதை நீ பள்ளிப் பருவத்திலிருந்து பார்த்துக்கொண்டிருப்பதால் உனக்கு இதில் ஒன்றும் தெரியாது. நான் கோலாலம்பூர்க்காரி, எனக்கு இது தங்கச் சுரங்கம். அவள் அவசரமாக வருகிறாள், கட்ட முடியவில்லை. பின்னால் நிற்கிறவன் அவளுக்கும் சேர்த்துக் கட்டிவிடுகிறான். ரோஷக்காரி. திரும்பும்போது நான் கட்டிவிடுகிறேன் என்கிறாள். சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வருகிறது, திரும்பும்போது யாரும் கட்ட வேண்டியதில்லை. அவனுக்கும் அது தெரியும், ஆனால் அவன் வாயைத் திறக்கவில்லை. இனி அந்தச் சில்லறையைத் தீர்க்க வேண்டுமானால் இன்னொரு நாள் இந்தக் கரையில் அவர்கள் சந்தித்தாக வேண்டும். இதற்குச் சேறும் வேண்டாம், மொட்டை மாடியும் வேண்டாம்.

இப்போது நீ, நீங்கள். நம் மொழியில் காதல் எழுதுகிறவருக்குக் கிடைத்த பெரிய வசதி இது, அதை நீ தொடவே இல்லை. உன் நாயகி முதல் அத்தியாயத்தில் அவனை ‘நீங்க’ என்கிறாள், மூன்றாவதிலும் ‘நீங்க’ என்கிறாள். நடுவில் ஒன்றும் ஆகவில்லை. நம் ஊரில் பஸ்ஸில், ஆபீசில், கோயிலில் எந்த ஆணையும் சட்டென்று ‘அண்ணே’ என்றுதானே கூப்பிடுகிறோம்? கூப்பிடவும் வசதி, பாதுகாப்பும்கூட. சரி, உன் ஃபேக்டரி பஸ்ஸில் ஒரு பெண் மூன்றாவது வரிசையில் இருக்கும் டெக்னிஷியனை எட்டு மாதமாக ‘அண்ணே’ என்று கூப்பிடுகிறாள் என்று வைத்துக்கொள். “அண்ணே, கொஞ்சம் ஏர்கோன் குறைங்க.” “அண்ணே, எறங்கறப்ப எழுப்பி விடுங்க.” ஒரு திங்கட்கிழமை அந்த ‘அண்ணே’ விட்டுப்போகிறது. “கொஞ்சம் ஏர்கோன் குறைங்க” என்று மட்டும் சொல்கிறாள். அந்த இடத்தில் வேறு சொல் எதுவும் வந்து உட்காரவில்லை. வெறும் இடைவெளிதான். பின் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டிருந்த அக்கா ஒருத்தி மெதுவாக ஒரு கண்ணைத் திறக்கிறாள். அவனுக்கு உரைத்ததா இல்லையா என்று தெரியவில்லை, ஏர்கோனை மட்டும் இரண்டு தடவை திருகுகிறான்.

இது ஒரு முழு அத்தியாயம். யாரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் 555 புத்தகத்தில் வலது பக்கம் ஒரு பாக்கி ஏறிவிட்டது. அவன் அதற்கு எப்படியாவது பதில் காட்டியாக வேண்டும்.

வில்லனே இல்லாமல் எத்தனை பக்கம் ஓட்டுவது என்று நீ கேட்பாய். திருக்குறளின் காமத்துப்பால் 250 குறள். ஊர் அலர் தூற்றும், அவன் பொருள் தேடிப் பிரிந்து போவான், ஆனால் சதி செய்ய என்று ஓர் ஆள் கிடையாது. புலவி நுணுக்கம் என்ற அதிகாரத்தில் வரும் தும்மலை எடுத்துக்கொள். அவன் தும்முகிறான். அவள் வழக்கப்படி வாழ்த்துகிறாள். வாழ்த்திய வாயோடு, யார் நினைத்ததால் தும்மினீர் என்று அழுகிறாள். அடுத்த குறளில் அவன் பயந்துபோய்த் தும்மலை அடக்குகிறான். உம்மை நினைப்பவரை என்னிடமிருந்து மறைக்கிறீரா என்று அதற்கும் அழுகிறாள். ஒரு தும்மல்தான் விஷயம், தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். வள்ளுவர் அத்தை மகளைத் தேடிப் போகவில்லை.

காதலைச் சொல்லிவிட்டால் கதை முடிந்துவிடும் என்ற பயமும் வேண்டாம். மலேசியாவில் சொன்ன பிறகுதான் பாதி வேடிக்கை. 1982 மார்ச்சில் நடப்புக்கு வந்த சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும். வழக்கமான முறையில் அறிவிப்பு ஒட்டி 21 நாள் காத்திருக்க வேண்டும். ஆட்சேபம் இருப்பவர்கள் வந்து சொல்லலாம். இரண்டு பேர் பெயரும் ஒட்டப்பட்டு, யார் கண்ணிலும் படலாம் என்று இருக்கும் 21 நாள்! இதை விட்டுவிட்டு நீ சென்னையில் ஒரு தொழிலதிபரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

அதற்கப்புறம் இன்னொன்று. நம்மவர்களில் எத்தனையோ ஜோடி முதலில் ‘ரெஜிஸ்டர்’ பண்ணிவிட்டு, கோயில் கல்யாணத்தை ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து வைத்துக்கொள்கிறார்கள். அந்த இடைவெளியில் அந்தப் பெண் யார்? சட்டப்படி மனைவி. வீட்டில் அம்மாவுக்கு இன்னும் பெண்பிள்ளை, இரவு பத்து மணிக்கு மேல் அவனோடு வெளியே போனால் திட்டு விழும். அவன் வீட்டுக்கு வந்தால் சோபாவின் நுனியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறான். அவனுக்கு முதுகு வலித்தால் தைலம் தேய்த்துவிட இவளுக்கு உரிமை உண்டா இல்லையா? யாரைக் கேட்பது? நான் இந்த இடைவெளியில் மட்டும் இரண்டு நாவல் எழுதியிருக்கிறேன், இன்னும் தீரவில்லை.

பழக்கத்துக்கு வருகிறேன். ரொம்ப வருடம் ஒரு பள்ளியில் குமாஸ்தாவாக இருந்தேன். அப்போது ஒரு ஞாயிறு பதிப்பில் தொடர் எழுத வாய்ப்புக் கிடைத்தது. புதன்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். மூட் இருந்ததா என்று யாரும் கேட்கவில்லை. காலை நாலரைக்கு எழுந்து, சமையலறை மேசையில், பள்ளிப் பிள்ளைகள் எழுதும் பயிற்சிப் புத்தகத்தில் கையால் இரண்டு பக்கம். மாலையில் கணினியில், முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் தட்டச்சு. தட்டும்போதே பாதி அழகு வரிகள் போய்விடும், மறுபடி தட்டச் சோம்பலாக இருக்கும் வரி எப்படியும் தேவையில்லாத வரிதான். வேலை ஓய்வு பெற்ற பிறகும் அதே நேரம், அதே மேசை.

ஒரே ஒரு தந்திரம் உண்டு. எழுந்திருக்கும்போது யாராவது ஒருவர் கேட்ட கேள்வியோடு நிறுத்துவேன். “நேத்து ஏன் ஃபோன் எடுக்கல?” இத்தோடு சரி, பேனாவை மூடிவிடுவேன். பதில் எனக்கு நன்றாகவே தெரிந்திருந்தாலும் எழுத மாட்டேன். அப்புறம் பசியாறும்போது, துணி காயப்போடும்போது, எல்ஆர்டியில் நிற்கும்போது அவன் மனசுக்குள் பதில் சொல்லிக்கொண்டே இருப்பான். முதலில் வரும் பதில் பெரும்பாலும் சினிமா வசனமாக இருக்கும். மூன்றாவதோ நான்காவதோதான் அவனுடையது. மறுநாள் காலை உட்காரும்போது வெறும் தாளைப் பார்த்து முழிக்கிற பிரச்சினை இல்லை, ஒருத்தி பதிலுக்குக் காத்துக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் இரண்டு வெள்ளி பாக்கிதான் இதுவும்.

ஆனால் என் நாலரை மணியை நீ அப்படியே எடுத்துக்கொள்ளாதே. 12 மணி நேரம் நின்று வேலை செய்துவிட்டு வருகிறவளிடம் தினமும் எழுது என்று சொல்ல எனக்கு வாய் வராது. உன் கணக்கே வேறு. ஆறு நாள் ஒரு சுற்று, அதில் இரண்டு நாள் ஓய்வு. ஓய்வு நாளில் 600 சொல் எழுது, ஒரு சுற்றுக்கு 1,200 சொல், அதாவது ஓர் அத்தியாயம். 30 அத்தியாயம் எழுத 180 நாள். ஆறு மாதத்தில் கையில் ஒரு நாவல். வேலை நாட்களில் எழுதாதே.

பஸ்ஸில் எழுதுவதையும் நிறுத்து. இதைச் சொன்னதும் உனக்குக் கோபம் வரும், தெரியும். ஆனால் நாற்பது பேர் தூக்கத்திலும் சண்டையிலும் கிசுகிசுப்பிலும் 13.5 கிலோமீட்டர் பாலத்தைக் கடக்கிறார்கள். அந்த நேரத்தில் நீ குனிந்து, போகாத சென்னையில் ஒரு மொட்டை மாடியைத் தட்டிக்கொண்டிருக்கிறாய். கைப்பேசியைப் பையில் போடு. காதைத் திற. இறங்கும்போது ஒரு வரி குறித்துக்கொண்டால் போதும். யார் யாரை என்னவென்று கூப்பிட்டார்கள், அது மட்டும்.

இதிலேயே சென்னைக் கேள்விக்கும் பதில் வந்துவிட்டது. தமிழ்நாட்டு வாசகருக்குச் சென்னையைப் பற்றிச் சொல்ல அங்கே ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தெருவுக்குத் தெரு தெரிந்தவர்கள். பாயான் லெப்பாஸில் தொழிற்பேட்டை வந்தது 1972-இல். உன் அம்மா தலைமுறையிலேயே நம் பெண்கள் ஷிப்ட் பஸ் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பஸ்களுக்குள் நடந்த காதலையெல்லாம் யார் எழுதினோம்? நம் பழைய அகப்பாட்டு மரபில் நிலமும் பொழுதும் முதற்பொருள். காதலர் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது, ஆனால் இடத்துக்கும் நேரத்துக்கும் அவ்வளவு மதிப்பு. நீ இருப்பது கடலோரம், அசல் நெய்தல் நிலம். பிரிவில் ஏங்கி இரங்குவது அதன் உரிப்பொருள், அதாவது அந்த நிலத்துக்கென்றே உள்ள உணர்வு. உன் ஊருக்கே எழுதிவைத்த மாதிரி இருக்கிறது. ‘பசியாறிட்டீங்களா’, ‘தாப்பாவ்’ எல்லாம் அவர்களுக்குப் புரியுமா என்று பயப்படாதே. அடைப்புக்குறி போட்டு விளக்கவும் செய்யாதே. பொட்டலம் கட்டி வாங்குகிற இடத்தில் அந்தச் சொல் வந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

ஒன்று மட்டும், உன் ஊர்தானே என்று அலட்சியமாக இருந்துவிடாதே, போய்ப் பார்த்துவிட்டு எழுது. நான் 2022-இல் நடக்கும் ஒரு கதையில் நாயகனின் காரை ஃபெரியில் ஏற்றிவிட்டேன். பழைய ஞாபகம். 2021 பிறந்ததிலிருந்தே ஃபெரியில் கார் ஏற்றுவதில்லை, மோட்டார் சைக்கிளும் சைக்கிளும்தான். உங்கள் ஊர் வாசகர் ஒருவர் இரண்டே வரியில் காதைத் திருகினார். அடுத்த பதிப்பில் அவனை மோட்டாரில் ஏற்றினேன். காருக்குள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பேசியவர்கள், இப்போது ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு காற்றில் நின்று பேச வேண்டியதாயிற்று. கால் மணி நேரத்துக்குள் பேசி முடிக்கவும் வேண்டும். காட்சி எவ்வளவோ தேறியது. அவருக்கு நன்றி சொல்லி எழுதினேன், உள்ளுக்குள் எரிச்சல்தான்.

கடைசியாக அம்மா. என்னிடமும் இதே கேள்வியைக் கேட்டார்கள், அம்மா மட்டுமில்லை, பள்ளியில் தலைமையாசிரியர்கூட. கொலைக் கதை எழுதுகிறவரிடம் யாரும் எத்தனை பேரைக் கொன்றீர்கள் என்று கேட்பதில்லை. விடு, அம்மாவோடு வாதாடி ஜெயிக்க முடியாது. கேள்வியைத் திருப்பிப் போடு. கல்யாணத்துக்கு முன்னாலோ, கல்யாணமான புதுசிலோ அப்பாவை என்னவென்று கூப்பிட்டீர்கள் என்று கேட்டுப் பார். பயத்தங்காய் ஒடிக்கும் நேரமாகப் பார்த்துக் கேள், கையில் வேலை இருந்தால்தான் வாய் திறக்கும்.

நான் என் அம்மாவிடம் கேட்டபோது எனக்கு முப்பது வயதுக்கு மேல். கல்யாணத்துக்கு முன்பே அம்மா அந்தக் கடையின் வாடிக்கை, அவர் வீட்டுக்கும் ஒரு 555 புத்தகம் அந்த டின்னில் இருந்தது. “கூப்பிடறதா? யாரு கூப்பிட்டா? கல்லாவுக்கு எதிர்ல நின்னு பத்துக் காசப் பலகையில ரெண்டு தட்டுத் தட்டுவேன். வேற யார் தட்டினாலும் கடைப் பையன்தான் வருவான். நான் தட்டினா அவரே எந்திரிச்சு வருவாரு” என்றார். அப்பா அப்போது முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பும் சத்தம் நின்றுபோயிருந்தது.

உன் அம்மா என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அக்கா
செந்தூல், கோலாலம்பூர்